தங்குபடகு முக்குளிப்புப் பயணம்

தங்குபடகு முக்குளிப்புப் பயணம் என்பது, ஸ்கூபா கருவிகளுடன் கடலுக்கடியில் முக்குளிப்போர், நாள்தோறும் கரைக்குத் திரும்பாமல், உண்பது, உறங்குவது, உருளைகளில் காற்று நிரப்புவது ஆகிய அனைத்தையும் ஒரே படகில் செய்துகொண்டு பல நாட்களைக் கடலிலேயே கழிக்கும் பயணம் ஆகும். பெரும்பாலும் இது ஏழு நாள் பயணமாக அமைகிறது. உலக அளவில் இத்தகைய படகு லைவ்அபோர்ட் என அழைக்கப்படுகிறது. மாலத்தீவில் சஃபாரி படகு என்ற பெயரும் வழக்கில் உள்ளது.

ஒரு வாரப் பயணத்தில் ஒருவர் 18 முதல் 22 முறை வரை முக்குளிக்க இயலும். கரையிலிருந்து சென்று வருபவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை என்பதே வழக்கம். தங்குபடகின் கவர்ச்சியும் அதன் இடரும் இந்த எண்ணிக்கையிலேயே அடங்கியுள்ளன. ஒருமுறை உடலில் கரைந்த நைட்ரஜன் முழுதும் வெளியேறும் முன்னரே அடுத்த முறை நீரில் இறங்க வேண்டியிருப்பதால், இப்பயணத்தைத் தனி முக்குளிப்புகளின் கூட்டமாகக் கொள்ளாமல் ஒரு வாரம் நீளும் ஒரே முக்குளிப்பாகக் கருதுவதே பொருத்தம்.

ஏன் படகில் தங்க வேண்டும்?

சிறந்த பவளத்திட்டுகள் பல, விடுதிகளும் துறைமுகங்களும் இல்லாத இடங்களில் உள்ளன. பிலிப்பைன்சின் சுலு கடலில் உள்ள துப்பத்தகா பவளத்திட்டு, புவேர்ட்டோ பிரின்செசா நகரிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் உள்ளது. 1993 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இங்கு முக்குளிக்கத் தங்குபடகைத் தவிர வேறு வழி இல்லை. கடல் அமைதியாக இருக்கும் மார்ச் நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை மட்டுமே படகுகள் செல்கின்றன. கோஸ்ட்டா ரிக்காவின் கோகோஸ் தீவு இன்னும் தொலைவானது. கரையிலிருந்து 550 கி.மீ. கடந்து அங்கு சேர ஒன்றரை நாள் வரை ஆகும். கலாபகசுத் தீவுக்கூட்டத்தின் வடகோடியிலுள்ள டார்வின், வுல்ஃப் தீவுகளும், செங்கடலில் எகிப்துக்குரிய பிரதர்ஸ் தீவுகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

தொலைவு மட்டுமே காரணம் அன்று. கடல் நீரோட்டம் பெரும்பாலும் ஓத ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மாறுகிறது. சுறாக்களும் திருக்கை மீன்களும் நீரோட்டம் வலுவாக உள்ள வேளையிலேயே திட்டின் விளிம்புக்கு வருகின்றன. கரையிலிருந்து வரும் படகு அந்த வேளைக்குள் வந்து சேராமல் போகலாம். தங்குபடகோ திட்டின் அருகிலேயே நங்கூரமிட்டுக் காத்திருக்கும்.

வரலாறு

1943 இல் பிரான்சின் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் அக்வாலங் எனும் மூச்சுக்கருவியை உருவாக்கினர். சுமந்து செல்லும் உருளையிலிருந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்பக் காற்றைத் தருவது இதன் சிறப்பு. கூஸ்தோ 1950 முதல் பயன்படுத்திய கலிப்சோ, இரண்டாம் உலகப்போரின்போது கண்ணிவெடி அகற்றுவதற்காகக் கட்டப்பட்ட கப்பலாகும். முக்குளிப்போர் கப்பலிலேயே வாழ்ந்து ஆய்வு செய்யும் முறையை உலகறியச் செய்தது இதுவே.

தென்னாசியாவிற்கு நெருக்கமான முன்னோடி ஆஸ்திரியரான ஹான்ஸ் ஹாஸ் ஆவார். அவரது சாரிஃபா எனும் பாய்க்கப்பல் 1953-54 இல் கலாபகசு வரை சென்று வந்தது. 1957-58 இல் நடந்த இரண்டாவது பயணத்தில் அது செங்கடல் வழியாக மாலத்தீவு, இலங்கை, நிக்கோபார் தீவுகளை அடைந்தது. சுற்றுலா என்ற எண்ணமே அப்பகுதிகளில் தோன்றாத காலம் அது. மாலத்தீவில் முதல் சுற்றுலா விடுதி 1972 இல்தான் திறக்கப்பட்டது.

அதே காலத்தில், 1956 இல், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் முக்குளிப்பு ஆர்வத்தினால் இலங்கையில் குடியேறினார். அவரும் மைக் வில்சனும் திருகோணமலையில் கோணேசுவரம் அமைந்துள்ள பாறையின் அடிவாரக் கடலில் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டனர். 1961 இல் வில்சன் இலங்கையின் தென்கிழக்கில் உள்ள கிரேட் பாசஸ் பாறைத்திட்டில், முகலாயர் கால வெள்ளி நாணயங்களோடு மூழ்கிய கப்பல் ஒன்றைக் கண்டறிந்தார். இவை சுற்றுலாப் பயணங்கள் அல்ல. ஆனால் தென்னாசியக் கடல்களில் ஸ்கூபா முக்குளிப்பு இவ்வாறே தொடங்கியது.

முத்துக்குளிப்புடன் ஒப்பீடு

தமிழருக்குக் கடலடி புதிதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு எரித்திரேயக் கடலின் பெரிப்ளசு எனும் கிரேக்க நூலிலேயே குறிப்பிடப்படுகிறது. கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்ததாக அந்நூல் கூறுகிறது. கடலடியில் சிப்பிகள் படிந்துள்ள பாறைத்தளம் பார் எனப்பட்டது. படகுகள் இரவில் கரைக்காற்றைக் கொண்டு பாருக்குச் சென்று, பிற்பகலில் கடற்காற்றைக் கொண்டு திரும்பின. எனவே முத்துக்குளிப்போர் படகில் தங்கியதில்லை. மாறாக, குளிப்பு நடக்கும் சில வாரங்களுக்கு இலங்கையின் மரிச்சுக்கட்டி போன்ற வெறுங்கரைகளில் ஒரு நகரமே கொட்டகைகளால் எழுந்து பின் கலைந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961 இல் நடைபெற்றது.

முத்துக்குளிப்பவர் காலில் கட்டிய கல்லின் துணையால் இறங்கி, அடக்கிய மூச்சுடன் ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளைச் சேர்த்து, மேலிருப்பவர் கயிற்றை இழுக்க மேலேறினார். அவர் நுரையீரலில் இருந்தது ஒரே ஒரு மூச்சளவு காற்று. ஆகவே உடலில் கரையும் நைட்ரஜனும் சொற்பமே. எனினும் முற்றிலும் இடர் இல்லை எனக் கூற இயலாது. பசிபிக் பெருங்கடலின் துவாமோத்துத் தீவுகளில், நாள் முழுதும் இடைவெளியின்றி மூச்சடக்கி மூழ்கிய முத்துக்குளிப்போரிடையே தரவானா எனப்பட்ட நோய் காணப்பட்டது. தலைச்சுற்றல், பக்கவாதம், சில வேளைகளில் இறப்பு என முடியும் இந்நோய், ஸ்கூபா முக்குளிப்போரைத் தாக்கும் அழுத்தநீக்க நோயின் இனம் எனக் கருதப்படுகிறது. ஒருமுறை மூழ்குவது தராத கேட்டை, பலமுறை மூழ்குவது தந்துவிடும் என்பதற்கு இது பழைய சான்று.

படகு

தங்குபடகுகள் பொதுவாக 25 முதல் 45 மீட்டர் வரை நீளம் உடையவை. பயணிகள் 10 முதல் 30 பேர் வரை இருப்பர். கீழ்த்தளத்தில் உறங்கும் அறைகளும், நடுத்தளத்தில் உணவுக்கூடமும் முக்குளிப்புத் தளமும், மேல்தளத்தில் மாலுமி அறையும் அமைவது வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஓர் உருளை ஒதுக்கப்படுகிறது. பயணம் முழுவதும் அது இடம் மாறுவதில்லை. நின்ற இடத்திலேயே குழாயை இணைத்துக் காற்று நிரப்பப்படுகிறது.

பரவலாகப் பயன்படும் அலுமினிய உருளையின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். இது 200 பார் அழுத்தத்திற்கு நிரப்பப்படுகிறது. (அழுத்த அலகான இந்தப் பார் வேறு, முத்துப் பார் வேறு.) அதாவது 2,200 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 20 மீட்டர் ஆழத்தில் மும்மடங்கு அழுத்தம் உள்ளதால் 60 லிட்டர் செலவிடுவார். 50 பார் மிச்சம் வைத்து மேலேற வேண்டும் என்ற விதிப்படி, அவருக்குக் கிடைப்பது 27 நிமிடமே. பழகியவர்கள் இதே உருளையைக் கொண்டு ஒரு மணிநேரம் இருப்பதுண்டு.

படகின் இதயம் காற்றழுத்தி எனப்படும் கம்ப்ரசர் ஆகும். அது காற்றை உறிஞ்சும் வாய், இன்ஜின் புகை வரும் திசையில் அமைந்துவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு சிறிதளவு உருளைக்குள் புகுந்தாலும், 30 மீட்டர் ஆழத்தில் அதன் விளைவு நான்கு மடங்காகிறது. நங்கூரமிட்ட படகு காற்றின் திசை மாறும்போது தானும் திரும்புவதால், காலையில் சரியாக இருந்த அமைப்பு மாலையில் தவறாகிவிடக்கூடும். மாலத்தீவில் காற்றழுத்தியும் உருளைகளும் தோணி எனப்படும் தனிப்படகில் வைக்கப்படுகின்றன. இரைச்சலும் புகையும் உறங்குமிடத்திற்கு வராமலிருக்க இது நல்ல ஏற்பாடு. தோணி என்ற சொல் அங்கும் தமிழிலும் ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது.

படகில் ஒரு நாள்

முதல் முக்குளிப்பு சூரியன் எழுந்த சிறிது நேரத்தில், காலை உணவுக்கு முன்னர் நடைபெறும். அதற்கு முன் வழிகாட்டி வெண்பலகையில் பாறைத்திட்டின் வரைபடம் வரைந்து, நீரோட்டம், ஆழ எல்லை, மேலேறும் இடம் ஆகியவற்றை விளக்குவார். இரண்டாவது முற்பகலிலும், மூன்றாவது பிற்பகலிலும், நான்காவது இருட்டிய பின் விளக்குகளுடனும் நடைபெறும். நான்கிலும் ஆழமானது காலையில் அமைய வேண்டும் என்பது பழைய மரபு. இன்றைய ஆய்வாளர்கள் இதனைக் கட்டாய விதியாகக் கொள்வதில்லை எனினும் படகுகளில் அது தொடர்கிறது.

ஒவ்வொரு முறையும் இறங்கியவர், ஏறியவர் பெயரை எழுதி எண்ணுவது கட்டாயம். 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், ஒரு நாள் பயணப் படகு, தவறான தலைக்கணக்கினால் அமெரிக்கத் தம்பதியர் இருவரைக் கடலிலேயே விட்டுத் திரும்பியது. இரண்டு நாள் கழித்தே அது தெரியவந்தது. அவர்கள் கிடைக்கவில்லை. முக்குளிப்போர் ஒவ்வொருவரும் ஊதினால் எழுந்து நிற்கும் செம்மஞ்சள் நிற அடையாள மிதவையை எடுத்துச் செல்வது இத்தகைய நிலைக்காகவே. அலைகளுக்கு நடுவே மனிதத் தலை சில நூறு மீட்டர் தொலைவிலேயே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

உடலில் சேரும் நைட்ரஜன்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. காற்றில் ஏறத்தாழ 79 விழுக்காடு நைட்ரஜன் ஆகும். ஹென்றியின் விதிப்படி, நீர்மத்தில் கரையும் வளிமத்தின் அளவு அதன் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 30 மீட்டர் ஆழத்தில் நீண்ட நேரம் இருந்தால் உடலில் நான்கு மடங்கு நைட்ரஜன் கரையும். மேலேறும்போது இது மெல்ல வெளியேற வேண்டும். விரைந்து ஏறினால், திறந்த சோடாப் புட்டியில் நிகழ்வது போல, இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகள் தோன்றும். இதுவே அழுத்தநீக்க நோய். தோள், முழங்கை மூட்டுகளில் வலி, தோலில் திட்டுகள், கைகால் மரத்துப்போதல் ஆகியவை அறிகுறிகள். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டால் நிலையான முடக்கமும் நேரலாம்.

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை. மழை பெய்தால் செம்மண் நிலம் விரைவில் நனைந்து விரைவில் காய்வதையும், கரிசல் மண் மெல்ல நனைந்து நாட்கணக்கில் ஈரம் காப்பதையும் உடுமலை வட்டார உழவர் அறிவர். இரத்தமும் மூளையும் செம்மண் போன்றவை. கொழுப்பும் மூட்டுகளும் கரிசல் போன்றவை. 1908 இல் பிரித்தானிய உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன், ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, உடலை 5 முதல் 75 நிமிடம் வரை அரைக்காலம் கொண்ட ஐந்து பகுதிகளாகக் கற்பனை செய்து முதல் அட்டவணையை வெளியிட்டார். அவரது மகனான ஜே. பி. எஸ். ஹால்டேன் தம் உடலிலேயே அழுத்தச் சோதனைகளை நடத்தியவர். ஆக்சிஜன் நச்சினால் ஏற்பட்ட வலிப்பில் அவரது முதுகெலும்பு காயமுற்றது. 1957 இல் இந்தியாவிற்கு வந்து தங்கிய அவர் 1964 இல் புவனேசுவரத்தில் காலமானார்.

சூரிச் நகரின் ஆல்பர்ட் பூல்மன் பின்னர் இப்பகுதிகளை 16 ஆக விரித்தார். இவற்றில் மிக விரைவானதன் அரைக்காலம் 4 நிமிடம், மிக மெதுவானதன் அரைக்காலம் 635 நிமிடம். இன்றைய மணிக்கட்டுக் கணினிகள் பலவற்றுள் இயங்குவது இந்தக் கணக்கே. இத்தகைய கணினிகள் 1983 அளவில் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன் அச்சிட்ட அட்டவணையே துணை. ஒரு நாளில் நான்கு முறை மூழ்கும் பயணத்தைக் கையால் கணக்கிடுவது எளிதன்று என்பதால், தங்குபடகுத் தொழிலின் வளர்ச்சிக்கு இக்கணினியும் ஒரு காரணம் எனலாம்.

635 நிமிடம் என்ற எண்ணைத் தங்குபடகின் கால அட்டவணையோடு வைத்துப் பார்த்தால் பயணத்தின் இயல்பு விளங்கும். இரவு முக்குளிப்பு 7:30 மணிக்கு முடிந்து, மறுநாள் காலை 6:30 மணிக்கு அடுத்தது தொடங்கினால், இடைவெளி 660 நிமிடம். அதாவது ஓர் அரைக்காலத்தை விடச் சற்றே அதிகம். ஆகவே மிக மெதுவான பகுதியில் சேர்ந்த கூடுதல் நைட்ரஜனில் பாதிதான் இரவில் வெளியேறும். ஒரு நாளில் சேரும் அளவை 1 எனக் கொண்டால், மறுநாள் காலையில் 0.5 மிச்சம், அன்று மாலை 1.5. அடுத்த நாள் மாலை 1.75. பின்னர் 1.88, 1.94 என அது 2 ஐ நெருங்கி நின்றுவிடும். (பகலில் நிகழும் வெளியேற்றத்தைத் தவிர்த்த தோராயக் கணக்கு இது.) நைட்ரஜன் நாள்தோறும் வரம்பின்றிக் கூடுகிறது என்ற பரவலான அச்சம் தவறு. ஆனால் நான்காம் நாளிலிருந்து பயணி ஒவ்வொரு மாலையும் ஏறத்தாழ இருமடங்குச் சுமையுடன் இருக்கிறார் என்பது உண்மை.

இதனால் விளையும் நடைமுறை விதி ஒன்று உண்டு. கணினி தன்னை அணிந்தவரின் முந்தைய முக்குளிப்புகளை நினைவில் வைத்திருக்கிறது. நடுவாரத்தில் அதன் மின்கலம் தீர்ந்துபோய், வேறொருவரின் கணினியையோ புதியதையோ கட்டிக்கொண்டு இறங்கினால், அது அவரைக் கடலையே காணாத புதியவராகக் கணக்கிடும். கணினி பழுதானால் ஒரு நாள் முழுதும் நீரில் இறங்காதிருத்தலே முறை. பெருந்தொகை செலுத்தி வந்தவர்கள் இதனை ஏற்கத் தயங்குவர். தோள் வலியை உருளை தூக்கியதால் வந்தது என்றும், மரத்த கையைப் படுத்த வாகினால் ஆனது என்றும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது இதைவிடக் கேடானது. அழுத்தநீக்க நோயில் மருத்துவம் தாமதமாவதற்கு அறிகுறியை மறைத்தலும் மறுத்தலும் முக்கியக் காரணங்கள் ஆகும்.

முதலுதவி தூய ஆக்சிஜன். உரிய மருத்துவம், 18 மீட்டர் ஆழத்திற்கு இணையான அழுத்த அறையில் ஆக்சிஜன் சுவாசிக்கச் செய்தல். அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணைப்படி இதற்கு ஐந்து மணிநேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஆகும். தங்குபடகில் ஆக்சிஜன் இருக்கும், அழுத்த அறை இராது. மாலத்தீவின் பண்டோஸ் தீவில் ஓர் அழுத்த அறை உள்ளது. தொலைதூரத் திட்டுகளிலிருந்து அத்தகைய இடத்தை அடைய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம் என்பதைப் பயணம் புறப்படும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நைட்ராக்ஸ்

ஆக்சிஜன் கூட்டப்பட்ட காற்று நைட்ராக்ஸ் எனப்படுகிறது. தங்குபடகுகளில் பெரும்பாலும் 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட கலவை தரப்படுகிறது. இதைச் சுவாசித்து 30 மீட்டர் ஆழத்தில் இருப்பவர், நைட்ரஜன் கணக்கில், சாதாரணக் காற்றுடன் 24 மீட்டரில் இருப்பவருக்கு ஒப்பானவர். வாரம் முழுதும் மூழ்குவோருக்கு இது பெரும் நன்மை. ஆனால் இதற்கு வேறொரு எல்லை உண்டு. ஆக்சிஜனின் பகுதியழுத்தம் 1.4 ஐத் தாண்டக்கூடாது என்ற வரையறைப்படி, இக்கலவையுடன் 33 மீட்டருக்குக் கீழே செல்லக்கூடாது. மீறினால் முன்னறிவிப்பின்றி வலிப்பு ஏற்படலாம். நீரடியில் வலிப்பு என்பது மூழ்கி இறத்தலே. எனவே ஒவ்வொருவரும் தம் உருளையைத் தாமே கருவியால் அளந்து கையொப்பமிட வேண்டும் என்பது பொது விதி.

வானூர்தியும் மலைப்பாதையும்

பயணத்தின் கடைசி நாளில் முக்குளிப்பு நடைபெறாது. வானூர்தியின் உள்ளறை அழுத்தம், அதிகபட்சமாக, 2,400 மீட்டர் உயர மலைமேல் உள்ளதற்குச் சமமாக, அதாவது கடல்மட்ட அழுத்தத்தில் நான்கில் மூன்று பங்காகக் குறையலாம். கடலில் மெல்ல ஏறியவரும் இங்கு மீண்டும் ஒருமுறை மேலேறுகிறார். முக்குளிப்போர் எச்சரிக்கை வலையமைப்பின் பரிந்துரைப்படி, ஒரே முறை மூழ்கியவர் 12 மணிநேரமும், பல நாட்கள் பலமுறை மூழ்கியவர் 18 மணிநேரமும் காத்திருக்க வேண்டும். பல படகுகள் 24 மணிநேரம் என வைத்துள்ளன. 18 மணிநேரத்திற்குப் பின்னும் மிக மெதுவான பகுதியில் கூடுதல் நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். காத்திருப்பு அதனை முற்றிலும் நீக்குவதற்கன்று, உடல் தாங்கும் அளவுக்குக் குறைப்பதற்கே.

இப்பரிந்துரை சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் அனைத்திற்கும் பொருந்தும். வானூர்தி ஏறாமல் தரைவழியே வீடு திரும்புவோர் இதனை நினைப்பதில்லை. கொங்கு நாட்டினருக்கு இது குறிப்பாக முக்கியமானது. உடுமலைப்பேட்டை ஏறத்தாழ 370 மீட்டர் உயரத்தில் உள்ளது. கேரளக் கரையில் முக்குளித்துவிட்டு அல்லது இலட்சத்தீவிலிருந்து கப்பலில் கொச்சியில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை வருபவர் இந்த எல்லையை எங்கும் தாண்டுவதில்லை. அதே ஆள் அடிமாலி, மூணாறு, மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கினால் 1,500 மீட்டர் உயரத்தைக் கடக்கிறார். அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் ஆறில் ஐந்து பங்கே. மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து மதுரை, திண்டுக்கல், பழனி வழியாக வருவதில் இடரில்லை. வழியில் கொடைக்கானல் ஏறுவதில் உண்டு. ஊர் சேரும் வழியை முடிவு செய்வதும் முக்குளிப்புத் திட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.

விபத்துகள்

தங்குபடகு வரலாற்றின் பெரும் உயிரிழப்புகள் முக்குளிப்பால் நேர்ந்தவை அல்ல. அவை படகில், பெரும்பாலும் உறக்கத்தில் நேர்ந்தவை. 2001 அக்டோபர் 8 அன்று பெலீசில் ஐரிஸ் சூறாவளியின்போது, துறையில் கட்டப்பட்டிருந்த வேவ் டான்சர் கவிழ்ந்து 20 பேர் இறந்தனர்.

2019 செப்டம்பர் 2 அதிகாலையில், கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் எனும் படகு எரிந்தது. கீழ்த்தளத்தில் உறங்கிய 33 பயணிகளும் பணியாளர் ஒருவரும், ஆக 34 பேர் இறந்தனர். மேல்தளத்தில் இருந்த ஐந்து பணியாளர்கள் தப்பினர். கீழ்த்தளத்திற்கு இரு வழிகள் இருந்தன. இரண்டுமே தீப்பிடித்த ஒரே கூடத்திற்குள் திறந்தன. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020 இல் தன் விசாரணையை முடித்தது. தீ தொடங்கிய காரணத்தை உறுதி செய்ய இயலவில்லை. கூடத்தில் மின்னேற்றத்திற்கு வைக்கப்பட்டிருந்த லித்தியம் மின்கலங்களும் சாத்தியமான காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டன. இரவில் சுற்றிவரும் காவலர் இல்லாததே தீ பெருகியதற்கும் இத்தனை உயிர்கள் போனதற்கும் காரணம் என வாரியம் கண்டது. படகின் தலைவர் 2023 இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2024 இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். 2021 இறுதியில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இத்தகைய படகுகளுக்குப் புதிய தீத்தடுப்பு விதிகளை வெளியிட்டது.

செங்கடலில் 2023 ஜூன் மாதம் ஹரிகேன் எனும் படகு எரிந்து மூவர் இறந்தனர். 2024 நவம்பர் 25 அன்று 44 மீட்டர் நீளமுள்ள சீ ஸ்டோரி எகிப்தின் மர்சா ஆலம் அருகே கவிழ்ந்தது. 11 பேர் இறந்தோ காணாமலோ போயினர். கவிழ்ந்த படகின் அறைகளில் எஞ்சியிருந்த காற்றைச் சுவாசித்துச் சிலர் மறுநாள் வரை உயிருடன் இருந்து மீட்கப்பட்டனர்.

இவற்றின் பின்னர் பயணிகள் படகில் ஏறியதும் கேட்கத் தொடங்கிய கேள்விகள் எளியவை: உறங்கும் தளத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது, அது வேறு இடத்தில் திறக்கிறதா, பூட்டப்படாமல் உள்ளதா, இரவில் விழித்திருப்பவர் யார், மின்கலங்கள் எங்கு மின்னேற்றப்படுகின்றன. படகின் நிழற்படங்கள் இவற்றுக்கு விடை தருவதில்லை.

இந்தியாவும் அண்டைக் கடல்களும்

தெற்காசியாவில் இத்தொழில் வேரூன்றிய இடம் மாலத்தீவு ஆகும். அங்கு பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 30 மீட்டர் என்ற ஆழ எல்லை விதிக்கப்பட்டுள்ளது. 2010 இல் சுறா பிடிப்பது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. உயிருள்ள சுறாவைக் காண வருவோரால் கிடைக்கும் வருவாய் இதற்கு ஒரு காரணம். திருக்கைகள் கூட்டமாக வரும் பா பவளத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபா உருளைகளுடன் இறங்க அனுமதி இல்லை. அங்கு மூச்சுக்குழாயுடன் மேல்நீரில் நீந்த மட்டுமே இயலும்.

இந்தியாவில் அந்தமான் கடலில் தங்குபடகுகள் இயங்கியுள்ளன. 2018 இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக் தீவைச் சுற்றி, கரையிலிருந்து சென்று வரும் முக்குளிப்பே மிகுதி. ஆனால் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவிலுள்ள பேரன் தீவுக்கு நாள் பயணமாகச் சென்று நிறைவாக முக்குளித்து மீள்வது கடினம். இந்தியாவின் உயிர்ப்புள்ள ஒரே எரிமலையான அத்தீவில் கரையிறங்க அனுமதி இல்லை. எரிமலைச் சாம்பல் படிந்த கருநிறச் சரிவுகளில் பவளம் வளர்ந்திருப்பதைப் படகிலிருந்து இறங்கியே காண முடியும்.

தமிழகக் கரையில் தங்குபடகுத் தொழில் உருவாகவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. கரைக்கு மிக அருகில் உள்ள அத்தீவுகளுக்கு இரவு தங்கும் படகு தேவையும் இல்லை. அங்கு ஏற்பட்ட இழப்பு வேறு வகையானது. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறை வெட்டப்பட்டதால், அலைத்தடுப்பு இழந்த பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. அறிவிக்கப்பட்ட 21 தீவுகளின் கணக்கில் அவ்விரண்டும் இன்னும் சேர்த்தே எண்ணப்படுகின்றன.